எட்டு நாள் ஓடும் ஊசல் கடிகாரம்: ஓய்வுபெற்றவர் வாங்கலாமா?

ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடக்கூடிய, ஊசல் ஆடும், மணியடிக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பற்றிய மதிப்புரை இது. பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வாங்கி, வெப்பக் காலத்திலும் குளிர்காலத்திலும் ஓடவிட்டுப் பார்த்த பின்பே எழுதுகிறேன். நேரத்தைத் துல்லியமாக அறிய வேண்டும் என்பதற்காக இதை வாங்க நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. அந்த வேலையைக் கைப்பேசி இதைவிட நன்றாகச் செய்யும். அலுவலக நேரம் என்ற ஒன்று இல்லாமற்போன வீட்டில், ஒரு நாள் எந்தெந்த இடங்களில் திரும்புகிறது என்பதைக் கவனிக்க இந்தப் பொருள் உதவுகிறதா என்பதே நான் இங்கே ஆராயும் கேள்வி. உதவுகிறது. ஆனால் கடைக்காரர்கள் அடுக்கும் காரணங்களால் அன்று. அவர்கள் குறையென்று கருதி மறைக்கப் பார்க்கும் இரண்டு இயல்புகளால்தான் உதவுகிறது.

முதலில் பொருளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மரப்பெட்டி, கண்ணாடிக் கதவு, எண்கள் பொறித்த வட்ட முகம், அதன் கீழே பித்தளைக் குண்டுடன் தொங்கும் ஊசல் என்பதே பொதுவான வடிவம். முகத்தில் இரண்டு சாவித் துளைகள் இருக்கும். பெரும்பாலான கடிகாரங்களில் வலப்பக்கத் துளை முட்களை ஓட்டும் சுருள்வில்லுக்கும், இடப்பக்கத் துளை மணியடிக்கும் சுருள்வில்லுக்கும் உரியவை. கால்மணிக்கு ஒருமுறை இசைக்கும் வகையாக இருந்தால் மூன்றாவது துளையும் இருக்கும். அது அழகுதான் என்றாலும் வாரந்தோறும் சாவி கொடுக்கும் உழைப்பு ஒன்றரை மடங்காகும், பழுதாகக்கூடிய பகுதிகளும் கூடும். இரண்டு துளை போதும் என்பது என் கருத்து.

ஊசலைக் கொண்டு கடிகாரத்தை ஓட்டலாம் என்ற எண்ணம் ஒரு முதியவருக்குத் தோன்றியது என்பதை ஓய்வுபெற்றவர்கள் அறிந்திருப்பது நல்லது. கலிலியோ பார்வையை முற்றிலும் இழந்திருந்த 1641ஆம் ஆண்டில், தமக்கு 77 வயதாகும்போது, அத்தகைய கடிகாரத்தின் அமைப்பைத் தம் மகனுக்குச் சொல்லி வரையச் செய்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இறந்தும் போனார். ஓடக்கூடிய ஊசல் கடிகாரத்தை 1656இல் வடிவமைத்தவர் டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். அதற்கு முன்பு நாளொன்றுக்குக் கால்மணி நேரம்வரை தவறாகக் காட்டிக்கொண்டிருந்த கடிகாரங்கள், அதன் பிறகு சில விநாடிகள் மட்டுமே தவறாகக் காட்டத் தொடங்கின. இன்று சுவரில் தொங்கும் கடிகாரத்தின் அடிப்படையும் அதுவே. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் விநாடிக்கு இரண்டு முறை ‘டிக்’ என்கிறது; நாளொன்றுக்கு 1,72,800 முறை. வீட்டில் குடியேறிய முதல் வாரத்தில் அத்தனையும் காதில் விழும். பிறகு ஒன்றும் விழாது. நின்றுபோனால் மட்டும் உடனே தெரியும்.

பொருத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்கியவர்களில் பலர் மனம் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். கடிகாரம் நேராகத் தொங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, காதால் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். ‘டிக்’ என்பதற்கும் ‘டாக்’ என்பதற்கும் இடையே உள்ள இடைவெளி, ‘டாக்’ என்பதற்கும் அடுத்த ‘டிக்’ என்பதற்கும் இடையே உள்ள இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும். நொண்டி நடைபோல ஒலித்தால் கடிகாரம் சில மணி நேரத்திலோ சில நாளிலோ நின்றுவிடும்; பெட்டியின் அடிப்பகுதியை இம்மியளவு இடமாகவோ வலமாகவோ நகர்த்தி, ஒலி சமமாகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கதவை அறைந்து சாத்தும்போது அதிரும் சுவர் இதற்கு ஆகாது. உயரமும் முக்கியம். அழகு கருதி எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு, வாரந்தோறும் முக்காலியில் ஏறிச் சாவி கொடுப்பது நம் வயதில் விளையாட்டன்று; முதியோரின் எலும்பு முறிவுகளில் பெரும்பகுதி வீட்டுக்குள் விழுவதால் நேர்பவை. தரையில் நின்றபடி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்காமல் சாவி கொடுக்க முடிகிற இடமே சரியான இடம். விருந்தினர் கண்ணுக்கு அது சற்றுத் தாழ்வாகத் தெரிந்தால் தெரியட்டும்.

இனி, இந்தப் பொருளை வாங்கியதன் நோக்கத்துக்கு வருகிறேன். வாழ்க்கையின் மாற்றங்கள் மனத்துக்குத் தரும் சுமையை அளக்க தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராகே என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 1967இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100 என்று மதிப்பிட்ட அந்தப் பட்டியலில் பணி ஓய்வுக்கு 45 மதிப்பெண். 43 நிகழ்வுகளில் அது பத்தாம் இடத்தில் இருக்கிறது. ஆசைப்பட்டு எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்று ஏன் இவ்வளவு சுமையாக வேண்டும் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, நேரத்தை நமக்காகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது. அலுவலகம் தொடங்கும் நேரம், கூட்டத்துக்கான நேரம், மாத இறுதிக் கணக்கு, ஆண்டு விடுப்பு என்று பிறர் போட்டுவைத்த கோடுகளின் மேல் பல பத்தாண்டுகள் நடந்தவருக்கு, கோடுகளே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை முன்னால் வந்து நிற்கும்போது, அது செவ்வாய்க்கிழமைதானா என்பதே ஐயமாகிவிடுகிறது.

நாள் வெறுமையாக இருக்கிறது என்று தோன்றினாலும் உண்மையில் அது வெறுமையாக இருப்பதில்லை. அதில் சிறிய செயல்கள் ஏராளமாக நிரம்பியிருக்கின்றன, நாம் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவே. மணியடிக்கும் கடிகாரம் எனக்குச் செய்த முதல் உதவி அவற்றைக் காட்டிக்கொடுத்ததுதான். மணிக்கு ஏற்ப ஒன்று முதல் பன்னிரண்டு வரையும் அரைமணிக்கு ஒரு முறையும் அடிப்பதால் நாளொன்றுக்கு 180 அடிகள். ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும், அந்தக் கணத்தில் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது என்னை அறியாமலே மனத்தில் பதிந்தது. சில வாரங்களில் ஓர் ஒழுங்கு புலப்படலாயிற்று. ஏழு அடிக்கும்போது நான் சன்னல்களைத் திறந்துகொண்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானும் திட்டமிடவில்லை. எட்டு அடிக்கும்போது மாத்திரைப் பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. செய்தித்தாளின் முதல் பக்கத்தை அரைமணி நேரமும் கடைசிப் பக்கத்தை ஒரு நிமிடமும் படிப்பவன் என்று என்னை நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறு என்று ஒன்பதரை மணியோசை காட்டியது. மாலையில் விளக்கைப் போடும் நேரம் மட்டும் எந்த மணியோசையுடனும் பொருந்தாமல் பருவத்துக்கேற்ப நகர்ந்துகொண்டே போனது. ஆண்டு எந்தத் திசையில் போகிறது என்பதை நாள்காட்டியைவிட அந்த நகர்வில் நன்றாகக் காண முடிந்தது.

இதே பயனைக் கைப்பேசியில் மணிக்கொரு முறை ஒலிக்கச் செய்து பெற முடியாதா என்று கேட்கலாம். நானும் முயன்று பார்த்தேன். கைப்பேசி ஒலித்தால் கை உடனே அதை நோக்கிப் போகிறது. போன கை திரும்பி வருவதற்குள் அரைமணி கழிந்துவிடுகிறது. சுவரில் இருந்து வரும் ஒலி எந்தப் பதிலையும் எதிர்பார்ப்பதில்லை. செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தாமலேயே கவனிக்க முடிகிறது.

தொடக்கத்தில் குறையென்று சொன்ன இரண்டு இயல்புகளில் ஒன்று, இது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பது. அரைமணிக்கு ஒரே ஓர் அடிதான் என்பதால், பன்னிரண்டரைக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று என்று அடுத்தடுத்து மூன்று முறை கடிகாரம் ஒற்றை அடியே அடிக்கும். அடுத்த அறையில் இருப்பவருக்கு அது எந்த ஒன்று என்று தெரியாது. இது வடிவமைப்பின் குறை என்றே பலர் எழுதுகிறார்கள். சில கடிகாரங்களில் அரைமணிக்கு வேறு ஒலி வைத்து இதைச் சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் கடிகாரத்தைக் கேட்டு நாங்கள் நேரம் அறிவதில்லை. எங்கள் வழக்கங்களைப் பார்த்துக் கடிகாரம் சொல்வதைப் புரிந்துகொள்கிறோம். பாத்திரங்கள் கழுவப்படாமல் இருந்தால் பன்னிரண்டரை. கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது, கையில் புத்தகம் இருக்கிறது என்றால் ஒரு மணி. என் துணைவியார் இதை என்னைவிட விரைவில் பிடித்துக்கொண்டார். ஒருமுறை ஒற்றை அடி கேட்டு, இது எந்த மணி என்று நான் எழுந்து பார்க்கப் போனபோது, “எழுந்திருக்க வேண்டாம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டீர்களே, ஒன்றரைதான்” என்றார். நான் பகலில் கண்ணயர்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி மேசையின் இடது ஓரத்தில் வைப்பவன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. துல்லியமான, எண்களால் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று அங்கே இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

இரவில் இதே மூன்று ஒற்றை அடிகள் வேறு விதமாக வேலை செய்கின்றன. வயது கூடும்போது தூக்கம் மெலிதாகிறது. உடலின் உள்ளார்ந்த நாளொழுங்கு முன்னே நகர்வதால் மாலையில் சீக்கிரமே தூக்கம் வருகிறது, விடியலுக்கு முன்பே விழிப்பும் வந்துவிடுகிறது. நள்ளிரவுக்குப் பின் விழித்துக்கொண்டு ஓர் அடியைக் கேட்பவருக்கு, இன்னும் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போட வழியில்லை. கணக்குப் போட முடியாதபோது மனம் கணக்குப் போடுவதை விட்டுவிடுகிறது. இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஓசை கேட்டால் உறக்கம் கலைபவர்கள் இரவில் மணியை நிறுத்தும் நெம்பு உள்ள கடிகாரத்தை மட்டுமே வாங்க வேண்டும், அல்லது படுக்கையறையிலிருந்து இரண்டு கதவுகளுக்கு அப்பால் மாட்ட வேண்டும்.

இரண்டாவது இயல்பு, வாரம் ஒருமுறை அது நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது என்பது. ஏழு நாள் வாரத்துக்கு எட்டு நாள் ஓட்டம் வைத்திருப்பது சிந்தித்துச் செய்த ஏற்பாடு: குறித்த நாளில் மறந்துபோனாலும் மறுநாள்வரை தவணை உண்டு. எந்தக் கிழமையில் சாவி கொடுப்பது என்பதை வாங்கிய அன்றே முடிவு செய்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள். நான் திங்கட்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தேன். பணியில் இருந்த காலத்தில் வாரத்தின் மிகக் கனமான நேரம் அது. ஓய்வுபெற்ற பின் மிக வெறுமையாக இருந்ததும் அதுவே. இப்போது அந்த நேரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கதவைத் திறந்து, சாவியைச் செருகி, வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம் என்று, வில் இறுகி இனித் திரும்பாது என்னும் இடம்வரை சீராகத் திருப்ப வேண்டும். சாவியை அவசரப்பட்டு விட்டுவிட்டால் அது பின்னோக்கிச் சுழன்று விரலை அடிக்கும். இடப்பக்க வில்லுக்கு எப்போதும் கூடுதல் திருப்பங்கள் வேண்டியிருக்கின்றன. மணியடிப்பதற்கு அதிக ஆற்றல் செலவாகிறது என்று கை சொல்லிவிடுகிறது.

புதிய பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாளாகும் என்பதை ஃபிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். நடுத்தர மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அந்த ஆய்வு கண்ட ஒன்று. அவர்கள் ஆராய்ந்தவை நாள்தோறும் செய்யும் பழக்கங்கள். வாரம் ஒருமுறை செய்வது அவ்வளவு விரைவில் படியாது; படிய வேண்டியதும் இல்லை என்றே நினைக்கிறேன். சாவி கொடுப்பது முற்றிலும் தன்னிச்சையாக நடக்கத் தொடங்கிவிட்டால், மாத்திரை விழுங்கினோமா இல்லையா என்று பத்து நிமிடம் கழித்துக் குழம்புவதைப்போல இதிலும் குழம்ப வேண்டியதுதான். பாதி நினைவும் பாதிப் பழக்கமுமாக இருப்பதே இதன் சுவை.

சாவி கொடுக்கும் நாள் எதிர்பார்ப்பதைவிட விரைவாக வந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘இப்போதுதானே கொடுத்தோம்’ என்று தோன்றாத திங்கட்கிழமையே இல்லை. வயது ஏற ஏற ஆண்டுகள் குறுகுவது ஏன் என்பதற்கு, ஒரே மாதிரியான நாள்கள் நினைவில் தனித்தனியாக நிற்காமல் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன என்று அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். அது உண்மையானால், வழக்கங்களைப் போற்றும் இந்தக் கடிகாரம் ஓய்வுக்காலத்தை இன்னும் வேகமாகக் கரைத்துவிடாதா என்ற எதிர்க்கேள்வி எழும். நான் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கரைவது வழக்கங்களால் அன்று, கவனிக்கப்படாத வழக்கங்களால் என்பது என் அனுபவம். போன திங்கட்கிழமை சாவி கொடுக்கும்போது மூட்டு வலித்தது, அதற்கு முந்திய வாரம் மழை பெய்துகொண்டிருந்தது என்று அந்தச் சில நிமிடங்களாவது ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கின்றன. வாரம் நீள்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரங்களுக்கு இடையே உள்ள விளிம்பு தெரிகிறது.

துல்லியத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு ஓடும் மலிவான பேட்டரிக் கடிகாரம்கூட மாதத்துக்கு ஏறக்குறைய 15 விநாடிக்கு மேல் தவறாகக் காட்டாது. சுருள்வில்லால் ஓடும் ஊசல் கடிகாரம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் போவது இயல்பே. வில் முழுதாக இறுகியிருக்கும் முதல் நாள்களில் சற்று விரைவாகவும், தளர்ந்திருக்கும் கடைசி நாள்களில் சற்று மெதுவாகவும் ஓடும். வெப்பமும் இதைப் பாதிக்கிறது: ஊசலின் தண்டு எஃகாக இருந்தால், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது தண்டு நீண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை விநாடி பின்தங்கும். பத்து டிகிரி கூடினால் வாரத்துக்கு 35 விநாடி. மரத்தண்டாக இருந்தால் இந்த விளைவு பாதிக்கும் குறைவு. எனவே மரத்தண்டு உள்ளதையே தேர்ந்தெடுக்கலாம். வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் என்னும் நிக்கல் கலந்த எஃகைக் கண்டுபிடித்த சார்ல் எதுவார் கியோமுக்கு 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசே கிடைத்தது என்றாலும், வீட்டுக் கூடத்தில் தொங்கும் கடிகாரத்துக்கு அது தேவைக்கு மீறிய ஆடம்பரம்.

பின்தங்கினால் ஊசல் குண்டின் கீழே உள்ள திருகுமறையைச் சற்று மேலேற்ற வேண்டும். முந்தினால் கீழிறக்க வேண்டும். ஒரு முறை திருப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்து பார்த்த பின்பே மீண்டும் கை வைக்க வேண்டும். வெப்பக் காலம் தொடங்கும்போது ஒருமுறை, குளிர் தொடங்கும்போது ஒருமுறை என்று இதுவும் ஆண்டின் வழக்கங்களில் சேர்ந்துகொள்கிறது. ஓய்வுபெறாத ஒருவருக்கு இது தொல்லை. ஒரு திருப்பத்தின் விளைவை அறிய ஏழு நாள் பொறுத்திருக்கும் வசதி பணியில் இருப்பவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

மணியடிக்கும் பொறியில் இரண்டு வகை உண்டு என்பதைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் சொல்வதில்லை. கேட்டாலும் சிலருக்குத் தெரிவதில்லை. பழைய வகையில், வெவ்வேறு இடைவெளிகளில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம் அடிகளை வரிசையாக எண்ணிக்கொண்டு போகும். முட்கள் எங்கே இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. மணியடிக்கும் வில் முதலில் தீர்ந்துபோனாலோ, யாராவது முள்ளைக் கையால் நகர்த்தினாலோ, நான்கு மணிக்கு ஏழு அடிக்கும் நிலை வந்துவிடும். 1676இல் எட்வர்ட் பார்லோ உருவாக்கிய மற்ற வகையில், மணிமுள்ளோடு சுழலும் படிக்கட்டு வடிவத் தகடு ஒன்று எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. எனவே தவறான எண்ணிக்கையில் அடிப்பது அரிது. மணியோசையை நம்பி ஒரு நாளைக் கவனிக்கப் போகிறவர் இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும். எவ்வகையானாலும் நிமிட முள்ளைப் பின்னோக்கித் தள்ளாமல் இருப்பது நல்லது.

ஒலியின் தன்மையையும் வாங்கும் முன் கேட்டுவிட வேண்டும். முதுமையில் வரும் காது மந்தம் உச்ச ஒலிகளில்தான் முதலில் தொடங்குகிறது. கிண்ண வடிவச் சிறு மணி எழுப்பும் கூர்மையான ஒலியைவிட, சுருளாக வளைத்த தடித்த கம்பியில் சுத்தி விழும்போது எழும் ஆழ்ந்த ஒலி இன்னும் பல ஆண்டுகளுக்கு நமக்குக் கேட்கும். சுத்தியின் முனையில் தோல் பொதிந்திருந்தால் ஒலி மேலும் மென்மையாகும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் சாவியின் இறக்கைகள் அகலமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சிறிய இறக்கை உள்ள சாவியோடு வந்த கடிகாரத்துக்கும், அதே துளை அளவில் அகலமான சாவியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

பேட்டரியில் ஓடி, அழகுக்காக மட்டும் ஊசல் ஆடி, பதிவு செய்த மணியோசையை எழுப்பும் கடிகாரங்களும் இதே தோற்றத்தில் கிடைக்கின்றன. இருட்டினால் தாமாக ஒலியை நிறுத்திக்கொள்ளும் வசதி சிலவற்றில் உண்டு. நேரம் அறிய அவை போதும். தனியாக வாழ்கிற, கையில் வலு குறைந்த ஒருவருக்கு நான் பரிந்துரைப்பதும் அவற்றைத்தான். ஆனால் பேட்டரி தீரும்வரை அவை யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கிழமை மறந்துபோவதுதான் உங்கள் முதன்மையான கவலை என்றால், கடிகாரமே வேண்டாம். ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி அந்த வேலையை இதைவிட நேர்மையாகச் செய்கிறது. இன்றைய அறை காலியாக இருக்கிறதா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஒரு வாரத்துக்கு மேல் வெளியூர் சென்றால் கடிகாரம் நின்றுவிடும். திரும்பி வந்தபின் அதை மீண்டும் ஓடச் செய்வதற்குப் பொறுமை வேண்டும்: சாவி கொடுத்து, ஊசலை ஆட்டிவிட்டு, நிமிட முள்ளை முன்னோக்கி நகர்த்தி, ஒவ்வோர் அரைமணியிலும் நிறுத்தி, அது அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த அரைமணிக்குப் போக வேண்டும். அவசரப்படுகிறவர்கள் சரியான நேரம் வரும்வரை அதை அப்படியே நிற்கவிட்டு, அந்த நேரத்தில் ஊசலை ஆட்டிவிடலாம், அதுவும் முறையானதே. நான் முதல் வழியையே பின்பற்றுகிறேன். பயணப் பைகளைப் பிரிப்பதற்கு முன் கடிகாரத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது எப்படியோ வீட்டின் விதியாகிவிட்டது.

பராமரிப்பில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சுகள் சுழலும் துளைகளுக்கு அளவாக எண்ணெய் இட வேண்டும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துத் துப்புரவு செய்ய வேண்டும். தையல் எந்திர எண்ணெய், சமையல் எண்ணெய் போன்றவற்றைக் கண்ட இடத்தில் ஊற்றினால் தூசு படிந்து பல்சக்கரங்கள் தேய்ந்துபோகும். பற்களுக்கு எண்ணெயே கூடாது. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். ஆகவே கடிகாரத்தைத் தேடுவதற்கு முன், உங்களுக்கு எட்டும் தொலைவில் ஊசல் கடிகாரத்தைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

பழைய கடிகாரம் வாங்குவதானால், ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து மட்டும் திருப்தியடையாமல், ஒரு முழு வாரம் நின்றுபோகாமல் ஓடியதா என்று கேளுங்கள். முழு வாரம் ஓட்டிக்காட்ட விற்பவர் தயங்கினால் விலகிவிடுவது நல்லது. கதவைத் திறந்து, சாவித் துளைகளைச் சுற்றிக் கீறல்கள் உள்ளனவா, ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டை மலிவானது, எளிதில் மாற்றக்கூடியது. சுருள்வில் அப்படியன்று, இறுகிய நிலையில் உள்ள வில்லை வெளியே எடுப்பது கையைக் கிழித்துவிடும் வேலை, அதை வீட்டில் முயலக் கூடாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது ஊசலைக் கழற்றித் தனியே சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டியபடியே கொண்டுபோனால் பட்டை ஒடியும். சில கடிகாரங்களின் முகத்தில் பன்னிரண்டுக்கு மேலே ஒரு சிறு துளை இருக்கும். வேகத்தை முன்புறமிருந்தே கூட்டவும் குறைக்கவும் அது பயன்படும், அதற்கு ஒரு முனை பெரிதும் மறுமுனை சிறிதுமான இரட்டைச் சாவி வேண்டும். அந்தச் சாவி கடிகாரத்தோடு வருகிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.